டீ குடிக்கப் போன புத்தகம்

பொன்மணி அக்கா ரேக்கு முன்னாடி நின்னுகினு, கையில ஒரு மரப்பலகைய வெச்சிகினு, குலுங்கி குலுங்கி சிரிச்சாங்க.

"எப்பா, இங்கன வா. என்ன எழுதி வச்சிருக்க இதுல?"

ஸ்கேன் மேசைய உட்டு எழுந்து போனேன். பலகைல ஒரு சீட்டு. சீட்டுல என் கையெழுத்து, கோழி கிளறுன மாதிரி: 'புக்கு டீ குடிக்க போயிருக்கு. வந்தா சொல்றேன்.'

அக்கா இன்னொரு தபா படிச்சாங்க. இன்னொரு தபா சிரிச்சாங்க. சிரிப்பு மேல ஷீட்டு கூரைல போய் முட்டி, அங்க குந்தியிருந்த ரெண்டு புறா எழுந்து பறந்துச்சி. அந்த கிடங்குல ஒருத்தங்க அப்டி சிரிச்சி நான் பாத்ததே இல்ல.

"சரி, சிரிச்சது போதும். புக்க எடுத்துக் குடு. இந்த ஒரு வால்யூம்தான் பாக்கி எனக்கு."

நான் வாய தொறந்தேன். வழக்கமா என் வாய தொறந்தா நக்கல்தான் வரும். அன்னிக்கி ஒண்ணும் வரல.

புக்கு எங்க கீதுன்னு எனக்கு தெரியல.

லைப்ரரி அம்பத்தூருக்கு வந்த கதை

இந்த தொடர்ல போன வாரம் ஐ.டி.ஐ.ல இருந்து என்னை வெளிய அனுப்புன கதைய சொன்னேன்ல, அதுக்கு அப்பால கெடச்ச வேல இது.

கடலுக்கு பக்கத்துல ஒரு பெரிய யூனிவர்சிட்டி. அதுக்குள்ள நூறு வயசு தாண்டுன ஒரு லைப்ரரி. பேரு வேணாம். அதுங்க பேரு நல்லா கீது, என்னால கெட வேணாம். கட்டடம் ஒழுகுது, ரிப்பேர் பண்ணணும்னு சொல்லி பாதி புக்க லாரில ஏத்தி அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு கிடங்குக்கு அனுப்பிட்டாங்க.

ஒரு பக்கம் லேத்து பட்டறை. இன்னொரு பக்கம் பிளாஸ்டிக் மூடி பண்ற கம்பெனி. சுத்தி இருக்கறவன் எல்லாம் காலைல இருந்து சாயந்திரம் வரைக்கும் புதுசு புதுசா எதையோ பண்ணி வெளிய தள்ளிகினே இருப்பான். நடுவுல நாங்க மட்டும் பழச கட்டிகினு குந்தியிருந்தோம். நாங்கன்னா நானும், வாட்ச்மேன் காஜா பாயும்.

உள்ள போனா மொதல்ல வாசனை. பழைய பேப்பரு, பாச்சா உருண்ட, அதுல பக்கத்து கம்பெனி பிளாஸ்டிக் கருகற நாத்தம் கலந்து வரும். ஆளு ஒசரத்துக்கு ரெண்டு மடங்கு ரேக்கு. வெள்ளக்காரன் காலத்து நில கணக்கு, சுருட்டி வெச்ச மேப்பு, பைண்டு பண்ண பழைய பேப்பருங்க, டாக்டர் பட்டம் வாங்கனவங்க எழுதி குடுத்த தடி தடி புக்கு.

நான் ஸ்கேன் ஆப்பரேட்டர். பந்தாவா இருக்குல்ல? கண்ணாடிய தூக்கு, பக்கத்த பொரட்டு, கண்ணாடிய எறக்கு, காலால பெடல மிதி, போட்டோ உழும். அவ்ளோதான். மறுபடியும் தூக்கு, பொரட்டு, எறக்கு, மிதி. இங்கிலீஷ நான் எழுத்து கூட்டி படிப்பேன், அதுக்கு மேல போவாது. பன்னெண்டாவதுல ரெண்டு தபா ஃபெயிலா போன ஆளு நான், யூனிவர்சிட்டியோட மொத்த அறிவையும் ஒவ்வொரு பக்கமா கையால பொரட்டிகினு இருந்தேன். ஒண்ணும் ஒட்டல.

ஆனா பக்கத்துக்கு நடுவுல கெடைக்கறது சோக்கா இருக்கும். பஸ் டிக்கெட்டு. ஒரு தலமுடி கிளிப்பு. ஒரு தபா பாதி எழுதுன லீவு லெட்டர். 'ஐயா, எனக்குக் கடுமையான காய்ச்சல்'னு ஆரம்பிச்சி அதோட நின்னுருச்சி. இங்க்கு பழுப்பாயிட்டு இருந்துச்சி. அந்த ஆளுக்கு காய்ச்சல் உட்டுச்சா இல்லியான்னு ரெண்டு நாளு யோசிச்சேன். எனக்கு வேற இன்னா வேல.

டம்மி

அந்த பலகைய பத்தி சொல்லணும். அதுக்கு பேரு டம்மி.

ரேக்ல இருந்து ஒரு புக்க எடுத்தா, அது இருந்த எடத்துல ஒரு மரப்பலகைய சொருவணும். பலகைல ஒரு சீட்டு. எந்த புக்கு, யாரு எடுத்தது, எதுக்கு, இப்ப எங்க கீது, எல்லாம் எழுதணும். புக்க எடம் மாத்துனா திரும்பி வந்து சீட்டையும் மாத்தணும். புக்கு திரும்பி வந்தா சீட்ட கிழிச்சி போட்டுடணும். அத்தினி ஆயிரம் புக்குல ஒண்ண மாத்தி வெச்சா அத யாரும் திருடவே வேணாம், தானா தொலைஞ்சிடும். அதனால அந்த சீட்டுதான் உசுரு.

வேலைல சேந்த அன்னிக்கி சூப்பரண்டு சார் இத மூணு தபா சொன்னாரு. வெள்ளிக்கெழம மட்டும் யூனிவர்சிட்டில இருந்து வருவாரு, எத்தினி பக்கம் ஆச்சின்னு கேப்பாரு, போய்டுவாரு. சீட்ட ஒருநாளும் பாத்ததில்ல. யாரும் பாத்ததில்ல.

நான் ஒரு மாசம் ஒழுங்கா எழுதனேன். அப்பால 'புக்குக்கு ஒடம்பு சரியில்ல.' அப்பால 'மாமியார் ஊட்டுக்கு போயிருக்கு.' அப்பால 'டீ குடிக்க.' யாரு எடுத்ததுங்கற எடத்துல தெனம் ஒரு பேரு. ஒருநாள் கோவிந்தன், ஒருநாள் ஏகாம்பரம்.

ஏன் எழுதனேன்னு கேட்டா, கலாய்க்கறதுக்கு எதிர்ல ஒரு ஆள் வேணும். எனக்கு ஆளே இல்ல. என்னிக்காச்சும் எவனாச்சும் ஒருத்தன் அந்த பலகைய உருவுவான், படிப்பான், சிரிப்பான். நான் பக்கத்துல இல்லாங்காட்டியும் பரவால்லன்னு நெனச்சேன்.

குவார்ட்டர்ஸ் காலி

அப்பா ஆவடில ஃபேக்டரில இருந்தாரு. நான் பொறந்தது வளந்தது எல்லாம் குவார்ட்டர்ஸ்ல. மாடிக்கு ஒரு ஊரு. கீழ தஞ்சாவூர், மேல நாகர்கோயில், எதிர்ல தருமபுரி. நான் ஒரு வாசல்ல நின்னு ஒரு நக்கல் உட்டா நாலு பால்கனில சிரிப்பு கேக்கும். ஒரு பால்கனில தொடப்பமும் வரும்.

அப்பா ரிட்டையர் ஆனாரு. குவார்ட்டர்ஸ ஒப்படைச்சிட்டு அவரும் அம்மாவும் திண்டுக்கல் பக்கம் போய்ட்டாங்க. எனக்கு அங்க யாரையும் தெரியாது. நான் பேசறதே அங்க யாருக்கும் புடிக்காது. "உங்க அப்பன் ஊரு பேச்சு ஒண்ணு கூடவா ஒட்டல ஒனக்கு"ன்னு அம்மாவே திட்டும். கூட்டாளிங்க ஒருத்தன் துபாய், ஒருத்தன் ஓசூரு, ஒருத்தன் கல்யாணம் ஆயி போனே எடுக்க மாட்டான்.

பருத்திப்பட்டுல ஏரிக்கு பக்கத்துல ஒரு ரூம் எடுத்தேன். காலைல ஆவடில ரயிலு, பட்டரவாக்கத்துல எறக்கம், சாயந்திரம் அதே ரயிலு. ஏரிக்கரைல எல்லாம் ஜோடி ஜோடியா வாக்கிங் போவாங்க. நான் பெஞ்ச்ல குந்திகினு கால் சென்டர் பொண்ணு லோன் வேணுமான்னு கேட்டா பத்து நிமிஷம் பேசுவேன். அதுவே ஒருநாள் "சார், வேற லைன்ல கஸ்டமர் வெயிட் பண்றாங்க"ன்னு வெச்சிடுச்சி. சொல்றதுக்கே வெக்கமா கீது.

அக்கா

பொன்மணி அக்கா கோயில்பட்டி பக்கம். எஸ்டேட்லயே ஒரு ஐ.டி. ஆபீஸ்ல வேல. வேல பாத்துகினே டாக்டர் பட்டத்துக்கு எழுதுனாங்க, அதுவும் தமிழ்ல. இந்த பக்கத்து ஏரிங்கள பத்தி. எந்த ஏரி நெறைஞ்சா எந்த ஏரிக்கு தண்ணி போச்சி, எந்த வழியா போச்சின்னு. அதுக்கு வேணும்கற பழைய ரெஜிஸ்டர் எல்லாம் எங்க கிடங்குலதான் இருந்துச்சி. லெட்டர் வாங்கினு வாரத்துல ரெண்டு மூணு நாளு மத்தியான சாப்பாட்டு நேரத்துல வருவாங்க. கிடங்குக்கு வந்த ஒரே ரீடரு.

மொத நாளு, "ஒம்பேரு என்ன தம்பி?"ன்னாங்க.

"ஏகாம்பரம்."

"இந்த வயசுல ஏகாம்பரமா?"

"இன்னா பண்றதுக்கா, பொறக்கும்போதே அறுவது வயசு."

அன்னிக்கி சீட்டுல ஏகாம்பரம் நாளு. அதான் வாய்ல வந்துச்சி. நாளைக்கி மாத்தி சொல்லிக்கலாம்னு உட்டுட்டேன்.

ஒருநாள் கேட்டேன், "எதுக்குக்கா இம்மாம் கஷ்டம்? தண்ணி எந்த பக்கமோ போய்ட்டு போவுது."

"நான் குடியிருக்குத ஃபிளாட்டே ஒரு ஏரிக்குள்ளதான் இருக்கு தம்பி. போன மழைக்கு லிஃப்டுக்குள்ள மீனு வந்துச்சு."

"அப்ப கொழம்பு செலவு மிச்சம்."

"போடா" ன்னாங்க. குவார்ட்டர்ஸ உட்டு வந்த அப்பால என்னை போடான்னு சொன்ன மொத ஆளு.

மழ பெஞ்ச நாள்

அக்காவுக்கு கடைசியா வேண்டியது ஒரு வால்யூம். பருத்திப்பட்டு ஏரி கணக்கு இருக்கறது. பழுப்பு கலர் காலிகோ துணி பைண்டு, முதுகுல நம்பர் ஒட்டுன பேப்பர் உழுந்து போனது. அத வெச்சாதான் ஒரு அத்தியாயம் முடியும். யூனிவர்சிட்டில ஏற்கெனவே ரெண்டு தபா டைம் நீட்டி குடுத்துட்டாங்க. இனி மூணு வாரம்தான். மூணாவது தபா கெடையாது.

அவங்க வந்து பலகைய உருவறதுக்கு பத்து நாளு முன்னாடி, ஸ்கேன் பண்றதுக்குன்னு அந்த வால்யூமோட சேத்து ஆறு புக்க மேசைக்கு எடுத்தாந்தேன். ஆறு டம்மி. ஆறு ஜோக்கு.

அன்னிக்கி மத்தியானம் மழ. மேசைக்கு நேரா மேல ஷீட்டு ஒழுவ ஆரம்பிச்சிது. "நைனா, புக்க தூக்கு!"ன்னு காஜா பாய் கத்திகினே ஓடியாந்தாரு. ரெண்டு பேரும் கையில கெடச்சத தூக்கி கெடச்ச ரேக்ல சொருவனோம். மெஷினுக்கு ரெயின்கோட்டு போட்டு மூடனோம். புக்கு கீழ முட்டு குடுக்கற கட்ட மட்டும் நல்லா ஊறிப்போச்சி.

தடி புக்க தொறந்தா ஒரு பக்கம் ஒசரமா நிக்கும், ஒரு பக்கம் பள்ளமா கெடக்கும். பள்ளத்துக்கு ஒரு கட்டைய வெச்சி, மேல கருப்பு துணிய விரிச்சாதான் ரெண்டு பக்கமும் சமமா வரும். மறுநாள் வெள்ளிக்கெழம, சார் வர நாளு. கட்டைய வெயில்ல போட்டேன். அதுக்கு பதிலா எதையோ வெச்சி துணிய விரிச்சி வேலைய பாத்தேன்.

சீட்ட மாத்தணும்னு எனக்கு தோணவே இல்ல.

தேடல்

அக்கா பலகைய வெச்சிகினு நின்ன அன்னிக்கே அஞ்சு புக்கு கெடச்சிருச்சி. ஆறாவதுதான் இல்ல.

"காமெடி பண்ணாத தம்பி. எங்க வச்சன்னு சொல்லு."

"காமெடி பண்ணலக்கா. நெஜமாவே தெரியல."

அவங்க மூஞ்சில சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமா எறங்குச்சி. நான் பாத்துகினே நின்னேன்.

"அந்த அம்மா சாருக்கு ஒரு வரி எழுதி குடுத்தா உன் வேல காலி நைனா" ன்னாரு காஜா பாய். அக்கா எழுதி குடுக்கல. மறுநாள் டிபன் பாக்ஸோட வந்தாங்க. "நீ அந்தப் பக்கம் பாரு, நான் இந்தப் பக்கம் பாக்கேன்" ன்னாங்க.

ரேக்குக்கு அந்த பக்கம் அவங்க, இந்த பக்கம் நான். ஒவ்வொரு புக்கா உருவி, முதுக பாத்து, உள்ள பக்கத்த பாத்து, திருப்பி வெச்சி. நடுவுல புக்கு இடுக்குல பேச்சு.

"ஏகாம்பரம், இருக்கியா?"

"டீ குடிக்க போயிருக்கேன்க்கா."

மொத வாரம் அதுக்கு சிரிச்சாங்க. சோறு பாதிய குடுத்தாங்க. புளியோதரைல வேர்க்கடல தூக்கலா இருக்கும். அவங்க ஊட்டுக்காரு பெங்களூருக்கு மாத்தலாயிட்டாரு, இது முடிஞ்சதும் இவங்களும் போவணும்னு சொன்னாங்க. நானும் குவார்ட்டர்ஸ பத்தி சொன்னேன். யாருகிட்டயும் சொல்லாதத எல்லாம் சொன்னேன். மூஞ்சி தெரியாம, பழைய புக்கு வரிசைக்கு அந்த பக்கம் இருக்கற ஆளுகிட்ட சொல்றது ஈசியா இருந்துச்சி.

ஒண்ணு சொல்றேன், திட்டாதீங்க. அந்த புக்கு இன்னிக்கி கெடைக்க வேணாம், நாளைக்கி கெடைக்கட்டும்னு நான் ஒருநாள் கூட நெனைக்கலன்னு சொன்னா அது பொய்.

ரெண்டாவது வாரம் சிரிப்பு நின்னுச்சி. மூணாவது வாரம் "ஏகாம்பரம், இருக்கியா" வும் நின்னுச்சி. புக்க உருவற சத்தம், திருப்பி சொருவற சத்தம், அவ்ளோதான். அவங்க கண்ணுக்கு கீழ கருத்து போச்சி. நான் மூணு ஜோக்கு சொல்லி பாத்தேன். அப்பால வாய மூடிகினேன். அது எனக்கு புது அனுபவம்.

கடைசி நாளு கைய தட்டி தூசிய உதறுனாங்க. "போதும்பா. இல்லாமலே குடுத்துருதேன்."

"சாரிக்கா."

அக்கா டிபன் பாக்ஸ பைல போட்டுகினு, கேட் பக்கத்துல இருந்த காஜா பாய்க்கு "வாரேன் பாய்" சொல்லிட்டு போனாங்க. லேத்து பட்டறைல ஷிப்டு சங்கு ஊதிச்சி. நான் மேசைக்கு வந்து கண்ணாடிய தூக்கனேன்.

துணி

பத்து பன்னெண்டு நாளு போயிருக்கும். கருப்பு துணி தூசியாயி ஸ்கேன்ல புள்ளி புள்ளியா உழுந்துச்சி. தொவைக்கலாம்னு உருவனேன்.

கீழ, கட்ட இருக்க வேண்டிய எடத்துல, பழுப்பு கலர் காலிகோ பைண்டு. முதுகுல நம்பர் இல்ல.

மூணு வாரமா கிடங்கு பூரா தேடனோம். தேடி முடிச்சி வந்து தெனம் அது மேலயே வேற புக்க வெச்சி பக்கம் பொரட்டிகினு இருந்துருக்கேன். முட்டு குடுக்க புக்க வெக்க கூடாதுங்கறது ஒரு ரூலு. அதையும் சார் மூணு தபா சொல்லியிருந்தாரு.

தரைல குந்திட்டேன். தொறந்தேன். நடுவுல மடிச்சி வெச்ச ஒரு மேப்பு. பருத்திப்பட்டு ஏரி, கையால வரைஞ்சது. ஏரில இருந்து ஒரு நீலக் கோடு கெளம்பி, வளைஞ்சி, கீழ எறங்குது. அந்த வளைவு எந்த எடம்னு எனக்கு பாத்த ஒடனே தெரிஞ்சிச்சி. இப்ப அங்க என் ரூம் இருக்கற தெரு.

அக்காவுக்கு போன் போட்டேன். பின்னாடி லாரில சாமான் ஏத்தற சத்தம்.

"கெடச்சிருச்சிக்கா."

"எங்கன இருந்துச்சு?"

உண்மைய சொல்லியிருக்கணும். ஆனா வாய்ல இருந்து வந்தது இது: "டீ குடிச்சிட்டு வந்துருச்சிக்கா."

லாரிக்காரன் யாரையோ 'பீரோவ சாய்ச்சி புடி'ன்னு கத்துனது மட்டும் கேட்டுச்சி.

"அந்த பக்கத்த போட்டோ எடுத்து அனுப்பட்டாக்கா?"

"இனி அனுப்பி என்ன செய்யப்பா. குடுத்தாச்சு. நீ பத்திரமா வை."

எங்க இருந்துச்சின்னு இன்னிக்கி வரைக்கும் அவங்களுக்கு நான் சொல்லல. மேல எழுதியிருக்கேன். படிச்சா தெரிஞ்சிக்கட்டும்.

தடி புக்கு

டாக்டர் பட்டம் வாங்கனவங்க புக்குல ஒரு காப்பி லைப்ரரிக்கு வரும். வந்தா ஸ்கேன் பண்ணணும். பண்றது நானு.

போன வெயில் காலத்துல ஒரு பெட்டி வந்துச்சி. நாலாவதா எடுத்த புக்கு அக்காவோடது. நீல அட்டை, தங்க எழுத்து. கட்டைய ஒழுங்கா வெச்சி, துணிய விரிச்சி, மொத பக்கத்த பொரட்டனேன்.

நன்றின்னு ஒரு பக்கம். வாத்தியாருக்கு, ஊட்டுக்காருக்கு, ஆபீஸுக்கு. கடைசி வரி: 'அம்பத்தூர்க் கிடங்கில் என்னுடன் சேர்ந்து தேடிய தம்பி ஏகாம்பரத்துக்கும் என் நன்றி.'

ஒரு புக்குல, யூனிவர்சிட்டி இருக்கற வரைக்கும் இருக்கப்போற ஒரு புக்குல, எனக்கு ஒரு எடம் குடுத்துருக்காங்க. அங்க என் பேரு இல்ல. நானே தான் அழிச்சிகினேன்.

காலால பெடல மிதிச்சேன். பக்கத்த பொரட்டனேன்.

மத்தியானம் நாலாவது அத்தியாயம் வந்துச்சி. பக்கத்துக்கு அடில பொடி எழுத்துல ஒரு குறிப்பு: 'இத்தொகுதி நூலகப் பட்டியலில் உள்ளது. ஆய்வாளருக்குப் பார்க்கக் கிடைக்கவில்லை. எனவே பருத்திப்பட்டு ஏரியின் உபரிநீர் சென்ற வழியை உறுதியாகக் கூற இயலவில்லை.'

அதான் நானு. நன்றி பக்கத்துல இல்ல. இங்க, இந்த பொடி எழுத்துல கீறேன். என்னை திட்டி ஒரு வார்த்தை கூட இல்ல. கிடைக்கவில்லை. அவ்ளோதான்.

தண்ணி எந்த வழியா போச்சின்னு எனக்கு தெரியும். தெனம் அது மேலதான் நடந்து ஊட்டுக்கு போறேன். தெரிய வேண்டியவங்களுக்கு தெரியாது.

எழுந்து ரேக்குக்கு போனேன். பழுப்பு வால்யூம உருவி, அந்த எடத்துல டம்மிய சொருவனேன். சீட்ட எடுத்து எழுதனேன். யாரு எடுத்தது: இந்த தொடருக்கு மேல போட்டுருக்கே, அந்த பேரு. எங்க கீது: ஸ்கேன் மேச, கண்ணாடிக்கு கீழ. எதுக்கு: ஒருத்தங்க கேட்டுருந்தாங்க.

மேப்ப விரிச்சி ஸ்கேன் பண்ணி அக்கா நம்பருக்கு அனுப்பனேன். கூட எழுதறதுக்கு மூணு ஜோக்கு வந்துச்சி. மூணையும் அழிச்சேன். 'அக்கா, என் பேரு ஏகாம்பரம் இல்ல'ன்னு மட்டும் எழுதி, கீழ என் பேர போட்டேன்.

"இன்னா நைனா, இன்னிக்கி சத்தமே காணோம்?"ன்னு கேட் பக்கத்துல இருந்து காஜா பாய் கொரல் குடுத்தாரு.

"வேல, பாய்" ன்னேன்.

சாயந்திரம் வரைக்கும் பதில் வரல. வால்யூம அதோட எடத்துல வெச்சேன். பலகைய உருவனேன். ரூல் படி சீட்ட கிழிச்சி போடணும்.

கிழிக்கல. சட்ட பாக்கெட்ல கீது.